பாட்டும் வழக்கும்

ஹவாய் என்ற பெயர் நமக்குச் செருப்பாலும் கிட்டாராலும்தான் பழக்கம். சினிமாப் பாட்டுகளில் கம்பிமேல் உருக்குத் துண்டை இழுத்து அழவைக்கும் அந்த வாத்தியத்துக்கு ஓர் ஊர் உண்டு, அந்த ஊருக்கு ஒரு பாஷை உண்டு என்றெல்லாம் யோசிக்க அவசியம் ஏற்பட்டதில்லை. ஹொனலூலுவின் பொது டெலிவிஷன் நிலையமான பி.பி.எஸ். ஹவாயின் நிகழ்ச்சிகள் சிலவற்றைத் தொடர்ந்து பார்த்தபோது எனக்கு முதலில் உறைத்தது, இவை எனக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதுதான். அதுவே எனக்குப் பிடித்துமிருந்தது.

1935 முதல் 1975 வரை 'ஹவாய் கால்ஸ்' என்று ஒரு ரேடியோ நிகழ்ச்சி நடந்தது. வைகீகீ கடற்கரையின் மோவானா ஹோட்டலிலிருந்து, அலைச் சத்தத்தையும் மைக்கில் பிடித்து, வெளியுலகத்துக்கு அனுப்பினார்கள். பாடியவர்கள் நல்ல பாடகர்கள். ஆனால் கேட்பவன் எப்போதும் தூரத்தில் இருப்பவன். அவனைப் பயணத்துக்கு ஆசைப்பட வைப்பதே பாட்டுக்கு விதிக்கப்பட்ட காரியம்.

'நா மெலே' இதற்கு நேர் எதிர். பெயருக்குப் 'பாட்டுகள்' என்றுதான் அர்த்தம். ஹவாய்ப் பாட்டில் மழைக்கும் காற்றுக்கும் இடத்துக்கு இடம் தனிப் பெயர் உண்டு. மழையின் பெயரைச் சொன்னால் பள்ளத்தாக்கு எது என்று தெரிந்துவிடும். அந்தப் பெயருக்குள் ஒரு காதலோ வசையோ ஒளிந்திருக்கும். இப்படி ஒளிந்திருப்பதை 'கௌனா' என்கிறார்கள். இடத்தை அறியாதவனுக்கு மெட்டு மட்டும் மிஞ்சும்.

1893-ல் ராணியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1896-ல் ஒரு சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே போதனா மொழியாக்கியது. 1978-ல்தான் ஹவாய் பாஷை மறுபடி ஆட்சிமொழி அந்தஸ்து பெற்றது. இடைப்பட்ட காலத்தில் பாஷையைக் காப்பாற்றியவற்றில் பாட்டு முக்கியமானது. 1966-ல் தொடங்கி 1982 வரை இதே நிலையம் முதியவர்களுக்காக நடத்திய 'பௌ ஹானா இயர்ஸ்' நிகழ்ச்சியை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

நிலையத்தின் இன்னொரு முகம் 'இன்சைட்ஸ்'. நேரடி விவாதம். வீட்டு வாடகை, நிலம், மௌனா கேயா மலையுச்சியில் டெலஸ்கோப் கட்டலாமா என்ற சண்டை. பாட்டுக்கு ஒரு நேரம், வழக்குக்கு ஒரு நேரம். இந்தப் பிரிவினையை நான் சந்தேகிக்கிறேன். புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த அரச பாண்டு வாத்தியக்காரர்களுக்காக 1893-ல் எல்லன் பிரண்டர்காஸ்ட் கட்டிய பாட்டு 'கௌலானா நா புவா'. கல் தின்னும் பாட்டு என்று அதற்கு இன்னொரு பெயர்: அந்த அரசின் பணத்தை வாங்குவதைவிடக் கல்லே போதும் என்கிறது. மெட்டோ உற்சாகமானது. பாஷை தெரியாதவன் காலால் தாளம் போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம். ஜார்ஜ் ஹெல்ம் உச்சஸ்தாயியில் பாடுவதில் பெயர்பெற்ற பாடகர். அமெரிக்கக் கடற்படை குண்டுவீசிப் பழகிய கஹோவொலாவே தீவை மீட்கப் போராடி, 1977 மார்ச்சில் அதன் அருகே கடலில் காணாமல் போனார். குண்டுவீச்சு நின்றது 1990-ல். இவரை எந்த நிகழ்ச்சியில் சேர்ப்பது? பாட்டிலா, விவாதத்திலா?

கலாசாரத்தைக் 'கொண்டாடுவது' என்ற பிரயோகம் எனக்கு உவப்பில்லாதது இதனால்தான். கொண்டாட்டத்தில் வழக்கு உதிர்ந்துவிடுகிறது. மலையைப் பாடுகிறவரும் மலைக்காக வழக்காடுகிறவரும் ஒரே நிலையத்தில் தோன்றுவது வரைக்கும், பார்க்கிறவனாவது இரண்டையும் சேர்த்துக்கொள்ள முடியும்.

2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இனி இப்படிப்பட்ட நிலையங்கள் நேயர்களையும் வியாபாரிகளையும் மேலும் நம்பவேண்டும். பாட்டுக்குப் பணம் தர ஆள் கிடைக்கும், ஹோட்டல்காரர்கூடத் தருவார். வாடகையைப் பற்றிய சண்டைக்கு யார் தருவார்கள்? வழக்கு நின்றுபோய்ப் பாட்டு மட்டும் தொடர்ந்தால், அது மறுபடி மோவானா ஹோட்டல் வாசலில் போய் நிற்கும் என்பதே என் பயம்.