இறங்க ஒரு துறை, ஏற ஒரு துறை

ரொறொன்ரோவில் ஆறுகளுக்குக் குறைவில்லை. மேற்கே ஹம்பர், நடுவே டான், கிழக்கே ஹைலண்ட் ஓடை, கிழக்கு எல்லையில் ரூஜ். மேற்கே நகரத்தைத் தாண்டினால் கிரெடிட். எல்லாம் தெற்கு நோக்கி ஓடி ஒன்டாரியோ ஏரியில் விழுகின்றன. ஸ்காபரோவில் குடியிருக்கும் எங்கள் ஆட்கள் பலருக்கு ஏதாவது ஓர் ஆறு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் ட்ரிஃப்ட் படகை இறக்கி ஒரு பகல் முழுக்க மிதந்தபடி தூண்டில் போட வேண்டும் என்று தேடத் தொடங்கினால், வரைபடத்தில் இத்தனை நீலக் கோடுகள் இருந்தும் ஒன்றும் உடனே அகப்படாது.

அந்தப் படகைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அடி தட்டை. முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருக்கும். பதினான்கிலிருந்து பதினாறு அடி நீளம். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் மெக்கென்ஸி, ரோக் என்ற வேகமான மலையாறுகளுக்காகக் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் படகுக்காரர்கள் செதுக்கிச் செதுக்கி உருவாக்கிய வடிவம் இது. சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே மிதக்கும். துடுப்புப் போடுபவர் நடுவில், ஆறு போகும் திசையைப் பார்த்தபடி உட்காருவார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூண்டிலோடு. துடுப்பு வலிப்பது முன்னேறுவதற்காக அல்ல. நீரோட்டத்துக்கு எதிராக வலித்துப் படகின் வேகத்தைக் குறைக்கத்தான். தண்ணீர் முந்திப் போக, படகு அதன் பின்னால் மெல்லப் போகும். தூண்டில்காரருக்குக் கரையோரத்து ஒவ்வொரு பாறைக்கும் வீச நேரம் கிடைக்கும்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்கார அண்ணை ஒருவர். 1990இல் ஊரைவிட்டுக் கிளம்பியவர். கடல்தொழில் குடும்பம். இங்கே வந்தபின் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து ஓய்வுபெற்றபோது, விளம்பரம் பார்த்துப் பழைய ட்ரிஃப்ட் படகு ஒன்றை வாங்கினார். வீட்டில் எல்லோரும் ஏரிக்குப் போகத்தான் என்று நினைத்தார்கள். அவருக்கு ஆறுதான் வேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேரும் வழுக்கை ஆறு ஒன்றுதான். வருசம் முழுக்க ஓடும் தண்ணீரில் படகு விட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது. அந்த ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதலில் பக்கத்து ஆறுகளைப் பார்த்தோம். ரூஜ் அழகான ஆறு. 2015இல் அதைச் சுற்றிய நிலம் தேசிய நகர்ப்புறப் பூங்காவானது. செப்டம்பர் கடைசியில் சினூக் சால்மன் ஏரியிலிருந்து ஏறி வரும்போது, முதுகு வெளியே தெரிய அவை கல்லுக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போவதைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம். மீனின் முதுகு வெளியே தெரிகிற ஆற்றில் மூன்று பேரை ஏற்றிய படகு எப்படி மிதக்கும்? கோடையில் பல இடங்களில் கணுக்காலளவு தண்ணீர்தான். ஹம்பரில் வேறு சிக்கல். ஓல்ட் மில் பகுதியிலிருந்து மேலே தடுப்பணைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. சால்மன் அவற்றைத் தாண்டிக் குதிப்பதைப் பார்க்க இலையுதிர் காலத்தில் சனம் குடும்பம் குடும்பமாகக் கரையில் கூடும். படகு குதிக்காது.

அணைகளின் கதை இந்த ஏரிக்குப் புதியதல்ல. ஒன்டாரியோ ஏரிக்கென்றே இருந்த அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் முற்றாக அழிந்துபோனது. அளவில்லாமல் பிடித்தது ஒரு காரணம். மாவு ஆலைகளும் மர ஆலைகளும் ஆற்றுக்கு ஆறு கட்டிய அணைகள், முட்டையிடும் கல்படுகைகளுக்குப் போகும் வழியை அடைத்தது இன்னொரு காரணம். இன்று நாம் பார்க்கும் சினூக், பசிபிக் கடல் மீன். 1960களின் இறுதியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு இங்கேயே பெருகியது. அட்லாண்டிக் சால்மனை மீண்டும் கொண்டுவரும் பெருமுயற்சி 2006இல் தொடங்கி, கிரெடிட் உள்ளிட்ட ஆறுகளில் நடந்துவருகிறது. படகுக்கு வழி தேடி அலைந்தபோதுதான், அந்த மீனுக்கு வழி அடைபட்டது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்கு உறைத்தது.

இந்த நகரத்து ஆறுகளில் படகு விட முடியாவிட்டாலும், கரைக்கு யாரும் போகலாம் என்ற நிலைமை எப்படி வந்தது என்பதை இங்குள்ள தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும். 1954 அக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி வந்தது. ஒன்டாரியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். தூங்கிக்கொண்டிருந்தவர்களை வீட்டோடு ஆறு கொண்டுபோனது. அதற்குப் பிறகு, 1957இல் அமைக்கப்பட்ட இயற்கை வளப் பாதுகாப்பு ஆணையம் பள்ளத்தாக்கு நிலங்களை வாங்கிச் சேர்த்தது. வெள்ளம் ஏறும் இடத்தில் வீடு கட்டக் கூடாது என்று ஆனது. ரேமோர் டிரைவில் வீடுகள் நின்ற இடம் இன்று பூங்கா. மோர்னிங்சைட் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு ஹைலண்ட் ஓடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறோமே, அந்தப் பள்ளத்தாக்கு இப்படித் திறந்து கிடப்பதற்கும் அந்த இரவுக்கும் தொடர்பு உண்டு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நகரத்துக்கு வெளியே கதை மாறுகிறது. அங்கே கரைகள் பெரும்பாலும் தோட்டக்காரர்களின் சொந்த நிலம். பெரிய ஆறுகளில் படகு போக எல்லோருக்கும் உரிமை உண்டு. கரையில் கால் வைக்கத்தான் அனுமதி வேண்டும். மரத்தில் சிவப்பு வண்ணப் பொட்டு இருந்தால் உள்ளே வராதே என்று அர்த்தம். சட்டமே அந்தப் பொட்டை அறிவிப்பாக ஏற்கிறது. ட்ரிஃப்ட் படகு எதிரோட்டத்தில் திரும்பி வராது. ஆகவே மேலே இறங்க ஒரு துறை, கீழே ஏற ஒரு துறை என இரண்டு வேண்டும். இடையில் அணை இருக்கக் கூடாது. இரண்டு துறைகளுக்கும் ட்ரெய்லர் போகும் வழி வேண்டும். விடியலில் இரண்டு வாகனங்களில் போய் ஒன்றைக் கீழ்த்துறையில் விட்டுவிட்டு மேலே வர வேண்டும். ஆறு தேடுவது என்றால் உண்மையில் இந்தச் சோடித் துறைகளைத் தேடுவதுதான். நாங்கள் குளிர்காலம் முழுக்கப் பாலம் பாலமாகக் கார் ஓட்டினோம். ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்தி, ஓரத்தில் வண்டி விட இடமுண்டா, கரை எவ்வளவு சரிவு, கீழே கல்லா சேறா என்று பார்த்து அண்ணை ஒரு கொப்பியில் எழுதினார்.

கடைசியில் கிராண்ட் ஆறு எங்களுக்கு வாய்த்தது. வடக்கே டஃபரின் மேட்டில் பிறந்து ஈரி ஏரி வரை கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர் ஓடும் ஆறு. அதன் கரையில் பாரிஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே வெட்டியெடுத்த ஜிப்சத்தால் வந்த பெயர். ஸ்காபரோவிலிருந்து நெரிசலில்லாத விடியலில் ஒன்றரை மணி நேரம். நித் என்ற ஆறு அங்கே வந்து கிராண்டோடு கலப்பதால் கீழே தண்ணீர் கூடுகிறது. அங்கிருந்து பிரான்ட்ஃபோர்ட் வரை ஒரு பகலில் மிதந்து போகலாம். பிரான்ட்ஃபோர்டில் உள்ள வில்க்ஸ் அணைக்கு முன் கரையேறிவிட வேண்டும். தாழ்ந்த அணைகளைச் சிறியவை என்று எண்ணவே கூடாது. விழும் தண்ணீர் அடியில் சுழன்று மீண்டும் அணையை நோக்கியே இழுக்கும். அதில் அகப்பட்டவர் நன்றாக நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் வெளியே வருவது கடினம்.

இந்த ஆற்றில் ஆகஸ்டிலும் படகு மிதப்பதற்குக் காரணம் மனிதர்களின் முன்யோசனை. காடு வெட்டியபின் கிராண்ட் வசந்தத்தில் ஊரை மூழ்கடித்தது. கோடையில் வற்றி நாறியது. 1942இல் ஃபெர்கஸ் ஊருக்கு மேலே ஷாண்ட் அணை கட்டி, பனி உருகும் தண்ணீரைத் தேக்கி, கோடையில் சிறிது சிறிதாகத் திறந்துவிடத் தொடங்கினார்கள். அணையின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வருவதால் ஃபெர்கஸ் பக்கம் இப்போது பிரவுண் ட்ரௌட் வாழ்கிறது. ஆற்றை அடைத்த அணைகளைப் பற்றி மேலே குறை சொன்னேன். இந்த ஒன்றைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

புறப்படுமுன் நீரளவைப் பார்ப்பது கட்டாயம். அரசின் அளவு நிலையங்கள் வினாடிக்கு எத்தனை கன மீற்றர் ஓடுகிறது என்பதை மணிக்கு மணி இணையத்தில் தருகின்றன. அண்ணை அந்த எண்ணையும் அன்றைக்குப் படகு எங்கே உரசியது என்பதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைப்பார். ஒரு வருசத்துக்குள் எண்ணைப் பார்த்தவுடனேயே எந்தக் கல்லுக்கு மேல் போகலாம், எதைச் சுற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஜூலையில் ஒரு காலை. பனிமூட்டம் விலகாத நேரம் இறக்கினோம். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, படகில் விசில், எறியும் கயிறு. மோட்டார் இல்லாத படகுக்கு ஓட்டுநர் அட்டை தேவையில்லை. தூண்டில் போடும் எனக்குத்தான் மீன்பிடி அனுமதி. அண்ணைக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டதால் வயதுக்கு ஆதாரமிருந்தால் போதும். முதல் வளைவில் துடுப்பை என்னிடம் தந்தார். நான் ஓட்டத்தோடு சேர்ந்து வலிக்க, படகு வேகமெடுத்தது.

“தண்ணியோட ஓடாதை தம்பி. தண்ணியை முன்னால போக விடு. நீ ஆறுதலாப் பின்னால வா.”

எதிர்ப்பக்கம் வலித்தேன். படகு தயங்கி நின்றது. கரைப்பாறைகள் நகர்வதை நிறுத்தியதுபோல இருந்தது. அண்ணை கையை நீட்டிக் காட்டினார். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் இடத்தில் ஒரு கோடு. நுரைக்குமிழிகள் அந்தக் கோட்டில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. “இரை அந்தப் பாதையாலதான் வரும். மீன் இந்தப் பக்கம் சும்மா நிண்டு பாத்துக்கொண்டிருக்கும்.” பாரைக்கும் சீலாவுக்கும் பழகிய கண், ஒரு நன்னீர் மீன் எங்கே நிற்கும் என்று பிசகாமல் சொன்னது. அவர் எறிந்த இறால் நிறத் தூண்டில் அந்தக் கோட்டில் விழுந்து ஒரு முழம்கூடப் போகவில்லை. ஸ்மால்மவுத் பாஸ் ஒன்று பாய்ந்து எடுத்தது. வெண்கல நிறம், பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள், சிவந்த கண். தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொளுக்கியைக் கழற்றி விட்டார். இந்த மீனில் ஆண்தான் கூட்டைக் காவல் காக்கும்; அதனால்தான் ஜூன் வரை அதற்குத் தடைகாலம். குழம்புக்கு ஆகும் மீனை விடுகிறாரே என்று முன்பென்றால் கேட்டிருப்பேன். எந்த ஆற்றில் எந்த மீனை எவ்வளவு நீளத்துக்கு மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாகாண அரசே வழிகாட்டி வெளியிடுகிறது. அதைப் பார்த்து எப்போதாவது ஒன்றை எடுத்துவருவோம்.

கிராண்டோடு நிற்கவில்லை. ஆங்கஸ் பக்கம் நொட்டவசாகா ஆறு, மினசிங் சதுப்புக்குள் மெதுவாக வளைந்து வளைந்து ஜார்ஜியன் குடாவுக்குப் போகிறது; விழுந்த மரங்கள் வழி மறிப்பதால் முன்கூட்டிப் பார்க்காமல் நுழையக் கூடாது. இன்னும் தூரத்தில் சாகீன். ஹியூரன் ஏரியைச் சேருமுன், லாம்ப்ரி என்ற ஒட்டுண்ணி மீனைத் தடுக்க 1970இல் கட்டிய டென்னிஸ் அணை அங்கே இருக்கிறது. அகலமும் ஓட்டமும் ட்ரிஃப்ட் படகுக்கென்றே அளவெடுத்ததுபோன்ற ஆறு. நவம்பரில் ஸ்டீல்ஹெட் மீனுக்காக அங்கே போகிறவர்களின் படகுகளை நாங்களே பார்த்திருக்கிறோம்.

சென்ற வருசம் நாங்கள் நெடுநாள் பழகிய ஒரு கீழ்த்துறையில் பாலத்தைப் புதுப்பித்தார்கள். இரும்புத் தடுப்பு வேலி நீளமாக வந்து, படகை மேலேற்றும் வழியை அடைத்துவிட்டது. அந்த ஊராட்சிக் கூட்டத்துக்குப் போனோம். கனூ ஓட்டும் வெள்ளைக்காரக் குடும்பங்கள், ஆற்றங்கரைப் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர், நாங்கள். அண்ணை தன் கொப்பியை விரித்து, எந்த வருசம் எந்த நீரளவில் யார் யார் அந்தத் துறையில் ஏறினார்கள் என்று வாசித்தார். வேலியில் எட்டடி இடைவெளியும் ஒரு சங்கிலிக் கதவும் போதும் என்று எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். முடிவு வரும்வரை அதற்கு முந்திய பாலத்திலேயே ஏறிவிடுகிறோம். பாதி ஆறு பார்க்காமல் போகிறது.