சக்கர வீடுகள் கூடும் பாலைவனம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னிய எல்லையிலிருந்து ஏறத்தாழ 20 மைல் கிழக்கே, குவார்ட்சைட் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு நிலையாக வாழ்வோர் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்கூட இலர். கோடையில் வெப்பம் 110 பாரன்ஹீட் பாகையைக் கடந்து செல்லும். கடைகள் பல அடைத்துக் கிடக்கும். தெருவில் நாய்கூட நடமாடாது. ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் அவ்வூரின் கோலமே மாறிவிடுகிறது. வடபுலத்துப் பனிக்கு அஞ்சியவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், கல்லும் மணியும் சேகரிப்பவர்கள் எனப் பல்லாயிரவர் தம் வீடுகளைத் தம்மோடு இழுத்துக்கொண்டே வந்து, கண்ணுக்கெட்டிய தூரம்வரை அப்பொட்டல் வெளியில் குடியேறிவிடுகின்றனர். சனவரியில் நடைபெறும் கற்காட்சிகளும், பெருங்கூடாரத்தில் நடைபெறும் வண்டிக் கண்காட்சியும் நம் நாட்டுத் தேர்த் திருவிழாக் கடைகளை நினைவூட்டக் கூடியவை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சனவரித் திங்களில், லாஸ் ஏஞ்சல்சில் வாழும் முதிய தம்பதியர் இருவருடன் அவ்வூர் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ அந்நாட்டில் வாழ்ந்து வருவதையும், பெற்றோர் அங்குச் செல்லும்போது பிள்ளைகள் இத்தகைய டிரெய்லரை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றிக் காட்டுவதையும் நாம் அறிவோம். ஆதலின், கண்ட காட்சிகளோடு, அவ்வண்டிப் பயணத்திற்கு வேண்டிய ஆயத்தங்களையும் எழுதுவது பயனுடையதாகும் எனக் கருதுகிறோம்.

டிரெய்லர் என்பது மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் வீடு. கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை யாவும் அதனுள் அடக்கம். வாலி பயாம் என்பவர் 1931-இல் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் அலுமினிய வண்டிகள் உலகப் புகழ் பெற்றவை. அவர் தலைமையில் 1959-இல் கேப்டவுனிலிருந்து புறப்பட்ட 41 டிரெய்லர்கள், ஆப்பிரிக்காக் கண்டத்தின் நெடுக ஊர்ந்து, 1960-இல் கெய்ரோ நகரை அடைந்தன.

குவார்ட்சைட்டிற்கு இதனினும் பழைய பயணக் கதை ஒன்று உண்டு. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், கூம்பு வடிவக் கற்சமாதி ஒன்றின் உச்சியில் ஓர் ஒட்டகத்தின் உருவம் நிற்கிறது. 1856-இல் அமெரிக்க இராணுவம் தென்மேற்குப் பாலையில் சுமை கொண்டு செல்ல ஒட்டகங்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்தபோது, அவற்றை நடத்தத் தெரிந்தவராக வந்தவர் ஹாஜி அலி. அப்பெயர் அமெரிக்கர் வாயில் நுழையாமல் ‘ஹை ஜாலி’ ஆயிற்று. 1857-இல் எட்வர்டு பீல் என்பார் கொலராடோ ஆறுவரை வண்டிப்பாதை அளந்தபோதும் அவ்வொட்டகங்களே சுமை தாங்கின. அத்திட்டம் நீடிக்கவில்லை, ஹாஜி அலியோ அந்நாட்டிலேயே தங்கி, 1902-இல் காலமானார். இன்றைய நினைவுச் சின்னம் 1935-இல் எழுப்பப்பட்டது. ஒட்டகத்திற்குத் தண்ணீர்க் கவலை குறைவு. டிரெய்லர்காரருக்கோ முதற் கவலையே அதுதான்.

நம்மை அழைத்துச் சென்ற பெரியவருக்கு அகவை எழுபத்து நான்கு. ஈராண்டுகளுக்கு முன் இதய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அம்மையாருக்கு அறுபத்தெட்டு. ஓய்வுக்குப் பின் வீட்டை விற்று மருத்துவக் கடனை அடைத்தபின், அவர்களுக்கு எஞ்சிய ஒரே குடியிருப்பு அந்த டிரெய்லரே. பல்லாண்டுக் காலம் பெரியவரே ஓட்டினார், பூட்டினார், அவிழ்த்தார். அம்மையார் அருகமர்ந்து வரைபடம் பார்த்தார். சிகிச்சைக்குப் பின் மருத்துவர் எச்சரித்தார்: என்றேனும் ஒருநாள் வழியிலேயே அவர் ஓட்ட முடியாது போகலாம் என்று. ஆளரவமற்ற பாலைவனத்தில் அந்நிலை நேர்ந்தால் வீடும் நின்றுவிடும், கணவரும் தவிப்பார் என்பதை உணர்ந்த அம்மையார், அந்த வயதில் எல்லாவற்றையும் புதிதாகக் கற்கத் துணிந்தார். கற்றவற்றை ஒரு நீலநிறக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். நாம் கீழே கூறுவனவற்றுள் பெரும்பகுதி அக்குறிப்பேட்டிலிருந்து கிடைத்ததேயாகும்.

முதலில் பாரம். நம் ஊர் வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள் அல்லவா? முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பும். டிரெய்லருக்கும் இதுவே விதி. மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இணைப்புக் கொக்கியின்மீது அழுந்த வேண்டும். ஏழாயிரம் பவுண்டு டிரெய்லராயின் எழுநூறு முதல் ஆயிரத்து ஐம்பது பவுண்டுவரை. இதற்குக் குறைந்தால், விரைந்து செல்கையில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் புரட்டிவிடக் கூடும். மிகுந்துவிட்டாலோ இழுக்கும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் சாலையைப் பற்றாமல் போகும்.

விற்பனைத் தாளில் அச்சிடப்படும் எடை வெறும் வண்டியின் எடை. அதை நம்புதல் கூடாது. பாத்திரம், துணி, எரிவாயு, தண்ணீர் எல்லாம் ஏற்றியபின், நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களிலுள்ள எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பதே முறை. தண்ணீரின் எடையைப் பலர் மறந்து விடுகின்றனர். 40 கேலன் தொட்டி நிரம்பினால் 150 கிலோவுக்கும் மேல். அம்மையார் முதன்முறை எடைபோட்டபோது, உரிய அளவினும் முந்நூறு பவுண்டு மிகுதியாக இருந்ததாம். காரணம் தேடியதில், பெரியவர் முந்தைய ஆண்டுகளில் குவார்ட்சைட்டில் பொறுக்கிய வண்ணக் கற்கள் பின்புறக் கட்டிலின் அடியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன! கற்கள் இறங்கின, ஆட்டமும் நின்றது. பெரியவரின் மனத்தாங்கல் மட்டும் இன்னும் முழுதும் இறங்கவில்லை என்பதை நாம் நேரில் கண்டோம்.

அப்படி ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டுவது யாது? வண்டியின் பிரேக்கை அழுத்துதல் கூடாது. வேகத்தைக் கூட்டி இழுக்க முயலுதலும் கூடாது. முடுக்கியிலிருந்து காலை எடுத்து, சக்கரத்தை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்கும் சிறு நெம்புகோலைக் கையால் மெல்ல அழுத்த வேண்டும். அம்மையார் இதை நூறுமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினாராம். நெருக்கடியில் கால் தானாகவே பிரேக்கைத் தேடும் என்பதால் இப்பயிற்சி தேவை என்றார். நமக்கும் அது சரியெனவே படுகிறது.

பூட்டும்போது கொக்கி சரியாகப் பற்றியதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. பூட்டியபின் டிரெய்லரின் முன்கால் திருகைச் சற்றே உயர்த்தினால், வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழ வேண்டும். எழாவிடில் பூட்டு விழவில்லை. காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாற்றிக் கட்டுதல் வேண்டும். கொக்கி கழன்றாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அச்சங்கிலித் தொட்டிலில் விழும். இவற்றோடு ஒரு மெல்லிய கம்பியும் உண்டு. டிரெய்லர் முற்றிலும் அறுந்து பிரிந்தால் அக்கம்பி ஓர் ஆணியை உருவ, மின்கலத்தின் ஆற்றலால் டிரெய்லரின் பிரேக் தானே இறங்கும். அதனைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியில் தனியே மாட்ட வேண்டும்.

டயர்களின் பூவேலை புதிதாகத் தோன்றினாலும் ஐந்தாறு ஆண்டுகளில் அவற்றை மாற்றிவிடுதல் நன்று. வெயிலில் நின்றே இரப்பர் கெடுகிறது. காற்றழுத்தத்தைக் காலையில், சக்கரம் சூடேறுமுன் பார்க்க வேண்டும். டிரெய்லருக்கெனச் செய்யப்படும் டயர்கள் பல மணிக்கு 65 மைல் வேகத்திற்கே தகுந்தவை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்போருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமே 55 மைல்தான். சக்கரம் கழற்றி மாட்டினால், முதல் ஐம்பது மைலுக்குள் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்த்தல் இன்றியமையாதது. நம் பயணத்திற்கு முன் ஒரு பணிமனையில் டயர் மாற்றியிருந்தனர். முதல் நிறுத்தத்தில் அம்மையார் முறுக்குக் கோலை வைத்துப் பார்த்தபோது ஒரே சக்கரத்தில் மூன்று நட்டுகள் தளர்ந்திருந்தன. பெரியவரின் முகம் வெளிறியது. அம்மையார் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் முறுக்கி முடித்து, குறிப்பேட்டில் நாளும் இடமும் எழுதிக்கொண்டார்.

லாஸ் ஏஞ்சல்சிலிருந்து பத்தாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால், சான் கொர்கோனியோ கணவாயில் காற்றாலைகள் பல சுழல்வதைக் காணலாம். காற்றாலை நட்ட இடத்தில் காற்று எப்படி வீசும் என்பதைச் சொல்ல வேண்டுமா! உயர்ந்த பக்கச் சுவர் கொண்ட டிரெய்லருக்கு அது பாய்மரத்தில் அடிக்கும் காற்றே. அங்கு அம்மையார் நாற்பத்தைந்து மைலுக்குமேல் போகவில்லை; பின்னால் வந்தோர் ஒலியெழுப்பியதையும் பொருட்படுத்தவில்லை. அதன்பின் சிரியாகோ உச்சிக்கு ஏறும் நீண்ட ஏற்றத்தில், எஞ்சின் கொதிக்காதிருக்கக் குளிர்சாதனத்தை நிறுத்துமாறு பலகை வைத்திருக்கின்றனர். ஏற்றத்தில் பொறுமை, இறக்கத்தில் தாழ்ந்த கியர். பிரேக்கையே அழுத்திக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பயனற்றுப் போகும்.

அரிசோனாவில் புழுதிப்புயல் எழுந்தால், அம்மாநிலத்தார் கற்பிக்கும் முறை நமக்கு முதலில் வியப்பளித்தது. சாலையை விட்டு இயன்ற தூரம் விலகி நின்று, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலையும் எடுத்துவிட வேண்டும். பின்விளக்கு எரிந்தால், பின்னே வருபவர் அதுவே சாலையெனக் கருதி வந்து மோதிவிடுவார் என்பதே காரணம்.

குவார்ட்சைட்டின் தெற்கே லா போசா என்னும் அரசுப் பாலைநிலம் பல்லாயிரம் ஏக்கர் அளவில் பரந்துள்ளது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணச் சீட்டுப் பெற்று அங்கு நெடுநாள் தங்கலாம். சுற்றியுள்ள ஏனைய பொது நிலங்களிலோ பதினான்கு நாள் எல்லை உண்டு. தங்குமிடத்தில் மின்கம்பி இல்லை, குழாய் இல்லை. தண்ணீர் பிடிக்கவும் கழிவு ஊற்றவும் குறித்த இடங்களுக்குச் செல்ல வேண்டும்.

நிறுத்தியவுடன் முதல் வேலை சக்கரத்திற்கு முட்டுக்கட்டை. தேருக்கு முட்டுக்கட்டை போடுவோரின் கவனம் இங்கும் வேண்டும். முட்டுக்கட்டை வைக்குமுன் கொக்கியை அவிழ்த்தவர்களின் டிரெய்லர் உருண்டோடிய கதைகள் அங்கே ஒவ்வொரு கூடாரத்திலும் கேட்கலாம். அடுத்து மட்டம் பார்த்தல். எரிவாயுவின் சூட்டால் இயங்கும் பழைய வகைக் குளிர்ப்பெட்டி, சாய்வாக நின்றால் குளிராததோடு பழுதும் படும். குடிநீருக்கு வெண்ணிறக் குழாய் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். கழிவுக் குழாயுடன் அது ஒரே பெட்டியில் கிடத்தல் ஆகாது. கழிவு இறக்கும்போது முதலில் மலக்கழிவுத் தொட்டி, பின்னரே குளியல்நீர்த் தொட்டி. பின்னதன் நீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை பற்றி நாம் சொல்லவும் வேண்டுமோ?

பாலையின் இரவு குளிர் மிகக் கடுமை. குளிருக்கு அஞ்சி, அடுப்பை எரியவிட்டுச் சன்னல்களை அடைத்து உறங்குவோர் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குவோர் எழுவதில்லை. இதனை அறிவிக்கும் கருவி ஒவ்வொரு டிரெய்லரிலும் கட்டாயம் இருத்தல் வேண்டும். புரொப்பேன் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். எனவே அதற்கான கருவியைத் தரையருகே பொருத்துகின்றனர். அக்கருவிகளுக்கும் ஆயுள் எல்லை உண்டு. பின்புறம் அச்சிட்ட நாளைப் பார்க்க வேண்டும். டிரெய்லரை வாடகைக்கு எடுக்கும் நம் பிள்ளைகள் எதைப் பார்க்க மறந்தாலும் இதை மறத்தலாகாது. சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

வறண்ட ஓடைப்படுகை மணற்பாங்காக, நிழலுடன், தங்குவதற்கு ஏற்றதுபோல் தோன்றும். அங்கே தங்கலாகாது. எங்கோ மலையில் பெய்த மழை, இங்கு ஒரு துளியும் விழாதபோதே வெள்ளமாக வந்து சேரும். சோயா என்னும் கள்ளியின் முள்ளுருண்டை காலில் ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்கலாகாது. ஒரு சீப்பைச் செருகித் தட்டிவிடுகின்றனர். பாலை எலிகள் எஞ்சினுள் புகுந்து மின்கம்பிகளைக் கடிப்பதால், இரவில் வண்டிகளின் முன்மூடிகளைத் திறந்தே வைத்திருப்பதையும் கண்டோம். நூற்றுக்கணக்கான வண்டிகள் வாய் திறந்து நிற்கும் அக்காட்சி வேடிக்கையானது.

வேடிக்கையல்லாத காட்சியும் உண்டு. அங்குக் கூடுவோர் யாவரும் உல்லாசப் பயணியர் அல்லர். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீடிழந்து, வாடகை கொடுக்க இயலாது, வண்டியையே வீடாக்கிக்கொண்ட முதியோரும் பலர். அண்டையில் ஒரு கைம்பெண் பழைய வேன் ஒன்றில் தனியே இருந்தார். அவருடைய மின்கலம் நாள்தோறும் முழுதும் வடிந்துவிடுவதைக் கேட்டறிந்த பெரியவர், ஈய மின்கலத்தைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் விரைவில் கெடும் என விளக்கி, கூரையிலிருந்த சூரியத் தகட்டின் தூசியைத் துடைத்து, தளர்ந்திருந்த இணைப்பையும் இறுக்கிக் கொடுத்தார். அன்று மாலை அவ்வேனில் விளக்கு எரிந்தது.

திரும்பும் நாளன்று, பின்னோக்கி எடுப்பது முதல் எல்லாவற்றையும் அம்மையாரே செய்தார். அதற்கெனப் பள்ளி ஒன்றின் வெறுந்திடலில் மூன்று ஞாயிறுகள் பழகியிருந்தாராம். பிற்பகல்களில்தான் என்று நம்மிடம் விரைந்து சேர்த்துக்கொண்டார். சக்கரத்தின் கீழ்ப்பகுதியைப் பிடித்தால், கை எப்பக்கம் நகர்கிறதோ அப்பக்கமே டிரெய்லரின் பின்புறமும் திரும்பும். மேற்பகுதியைப் பிடித்தால் எல்லாம் தலைகீழ். பெரியவர் பின்னே நின்று சைகை காட்டினார். காண்ணாடியில் அவர் உருவம் மறைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. இருமுறை நிறுத்தினார். மூன்றாம் முறை வண்டி சாலையை அடைந்தது. படிக்கட்டு மடக்கியதா, கூரைச் சன்னல் அடைத்ததா, எரிவாயு மூடியதா என்று குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்துச் சரிபார்த்தபின், இருவரும் இறங்கி, டிரெய்லர் நின்றிருந்த இடத்தை ஒருமுறை சுற்றி வந்தனர். மணலில் ஒரு முட்டுக்கட்டை கிடந்தது. பெரியவர் அதை எடுத்து அம்மையாரிடம் நீட்டினார்.