அரிசி உருண்டையும் பள்ளிக் கட்டணமும்

சிங்கப்பூரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடக்கும் அந்தத் தீவில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே பத்து நிமிட வேறுபாடுகூட இல்லை. ஆயினும் சூரியன் தென்கோடியைத் தொட்டு வடக்கே திரும்பும் நாளை, அங்குள்ள சீனக் குடும்பங்கள் ஆண்டுதோறும் தவறாமல் கொண்டாடுகின்றன. 'தோங்சி' என்பது அத்திருநாளின் பெயர். டிசம்பர் 21 அல்லது 22 அன்று வரும். குளிரே இல்லாத ஊரில் குளிர்காலப் பண்டிகை எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. சென்னையில் மார்கழி பஜனைக்குக் காதை மூடிக் கம்பளி சுற்றிக்கொண்டு வருபவரையும் நாம் கேட்பதில்லை அல்லவா? நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது, அது போதும்.

2022ஆம் ஆண்டில் அது டிசம்பர் 22, வியாழக்கிழமை, மார்கழி 7ஆம் நாள் வந்தது. கும்பகோணத்திலிருந்து வேலை நிமித்தம் சென்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஒரு தம்பதிக்கு அது கவலை மிகுந்த வாரம். சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மூத்தவன் நான்காம் வகுப்புக்குப் போகிறான்; இளையவள் முதல் வகுப்பில் சேரவிருக்கிறாள். பாடநூல் பட்டியலும் சீருடைப் பையும் கட்டண விவரமும் கூடத்து மேசைமேல் கிடந்தன.

அன்று மாலை எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி மூடிய கிண்ணம் ஒன்றுடன் வந்தார். அவருடைய ஊர் சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்திலுள்ள சுவான்சௌ. அந்த ஊர்ப் பெயர் நம்மவர்களுக்கு முற்றிலும் அந்நியமானது அன்று. தமிழ் வணிகர்கள் கடல் கடந்து போய் வாணிகம் செய்த துறைமுகம் அது. அங்கே அவர்களுக்கென்று சிவாலயமும் இருந்தது. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. அவ்வூரின் பெரிய பௌத்த ஆலயமான கையுவான் கோவிலில் கண்ணனின் லீலைகளைச் செதுக்கிய தூண்கள் இன்றும் நிற்கின்றன. சிறுவயதில் அந்தத் தூண்களைத் தொட்டு விளையாடியதாகவும், அதில் குழலூதுபவர் யார் என்பது சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவுக்கு வந்த பிறகே தெரிந்தது என்றும் அந்தப் பெண்மணி சொல்வதுண்டு. வாட்டர்லூ தெருவில் குவான் யின் ஆலயமும் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயமும் அருகருகே இருக்கின்றன. முன்னதில் வழிபட்ட சீனர்கள் பலர், ஊதுவத்தியுடன் கிருஷ்ணன் சந்நிதி வாசலுக்கும் வந்து வணங்கிச் செல்வார்கள்.

கிண்ணத்தில் இருந்தது 'தாங்யுவான்'. பசையரிசி மாவைச் சிறு உருண்டைகளாக உருட்டி, இஞ்சி தட்டிப் போட்ட சர்க்கரை நீரில் வேகவைக்கும் பண்டம். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும். 'ஒன்றுகூடல்' என்று பொருள்படும் சீனச் சொல்லும் இப்பண்டத்தின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிப்பதால், குடும்பம் முழுதும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பது மரபு. உண்டால் வயதில் ஓர் ஆண்டு கூடும் என்றும் சொல்வார்கள். கடையில் விற்கும் எள்ளுப் பூரண உருண்டைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். அதை அறிந்திருந்த அந்தப் பெண்மணி, இவர்களுக்காகப் பூரணமே இல்லாமல் தனிப் பாத்திரத்தில் செய்துகொண்டு வந்திருந்தார்.

"உங்களுக்கும் இந்த நாள் உண்டா?" என்று அவர் கேட்டார். குடும்பத் தலைவர் உற்சாகமாக விளக்கத் தொடங்கினார். சூரியன் வடக்கே திரும்புவதுதான் உத்தராயணம். அம்புப் படுக்கையில் பீஷ்மர் காத்திருந்தது அதற்காகவே. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இந்த நாளும் மகர சங்கராந்தியும் ஒன்றாகவே இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இரண்டும் விலகி விலகி, இப்போது தைப்பொங்கல் மூன்று வாரங்களுக்கு மேல் தள்ளி வருகிறது. பெண்மணியின் ஆங்கிலம் குறைவு. அவருடைய மகன் இடையில் நின்று சீனத்தில் மொழிபெயர்த்தான். பீஷ்மர் வரை வந்தவன் அயனாம்சத்தில் தடுமாறி நின்றுவிட, எல்லோரும் சிரித்தார்கள்.

பேச்சு மேசைமேல் கிடந்த தாளுக்குத் திரும்பியது. 2023ஆம் ஆண்டுக்கான அரசுத் தொடக்கப்பள்ளிக் கட்டணம் இப்படி: சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 13 டாலர் வரை இதரக் கட்டணம் மட்டும். நிரந்தரவாசிகளுக்கு மாதம் 230 டாலர். மலேசியா, இந்தோனேசியா முதலிய ஆசியான் நாட்டுப் பிள்ளைகளுக்கு 490. பிற வெளிநாட்டினருக்கு 825. ஒரே வகுப்பில், ஒரே பலகையில் அமரும் நான்கு குழந்தைகளுக்கு நான்கு கட்டணம். இந்தியாவும் சீனாவும் ஆசியானில் இல்லை. ஆகவே இரு வீட்டுப் பிள்ளைகளும் கடைசி வரிசையில்தான். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 9,900 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு லட்சம். வீட்டு வாடகை இதற்கு மேல். அந்த அரசைக் குறை சொல்ல இடமில்லை. தன் மக்களின் வரிப்பணத்தைத் தன் மக்களுக்கு முதலில் செலவிடுகிறது. கணக்கு நியாயமானதே. கட்டுகிறவருக்கு அது கனக்கிறது என்பது வேறு செய்தி.

தாயார் அப்போதுதான் மனத்தில் இருந்ததைச் சொன்னார். மூத்தவனைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். அவனுடைய தாத்தாவும் பாட்டியும் ஆவலுடன் இருக்கிறார்கள். நல்ல பள்ளி, கோவில், பாராயண வகுப்பு எல்லாம் தெருவிலேயே உண்டு. மாடியறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பாட்டி சைக்கிள்கூட வாங்கி வைத்திருக்கிறார். செலவு பாதியாகும்.

சீனப் பெண்மணி சற்று நேரம் பேசவில்லை. அவர் 2019இல் மகனுடன் வந்தவர். மாணவர் அனுமதியில் படிக்கும் பிள்ளையுடன் தாயோ பாட்டியோ தங்குவதற்கு அந்நாட்டு விதி இடம் தருகிறது. தந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. கணவர் சுவான்சௌவில் உழைத்துப் பணம் அனுப்புகிறார். பெருந்தொற்று வந்ததும் சீனா எல்லையை இறுக்கிவிட்டது. மூன்று ஆண்டுகளாகத் தந்தையும் மகனும் கைப்பேசித் திரையில்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

"அவர் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இவனுக்குச் சட்டை அனுப்புகிறார்" என்றார் அவர். "இரண்டு வருடமாக எல்லாமே சிறியதாக இருக்கின்றன. நான் அவரிடம் சொல்லவில்லை. சரியாக இருக்கிறது என்றே சொல்கிறேன்."

மகன் இதை மொழிபெயர்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரே தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மீண்டும் சொன்னார்.

இரவு பிள்ளைகள் உறங்கிய பின் கணவனும் மனைவியும் தாளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஊரில் கட்டத் தொடங்கியிருந்த வீட்டின் மேல்தளத்தை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டால் எவ்வளவு மிஞ்சும்? இன்னும் சிறிய வீட்டுக்குப் போனால் வாடகை எவ்வளவு குறையும்? "ஏங்க, அங்கே அனுப்பினாலும் அவனைப் பார்க்க வருஷம் ரெண்டு தடவை போய்வர வேண்டாமா? அந்த டிக்கெட்டையும் எழுதுங்க" என்றார் மனைவி. எழுதினார்கள். பாதியாகக் குறையும் என்று நினைத்த செலவு அவ்வளவு குறையவில்லை. குறைந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. அரிசி உருண்டை வந்தபோதே முடிவு பாதி ஆகிவிட்டது.

கடினமான பகுதி கும்பகோணத்துக்குத் தொலைபேசியில் சொல்வது. வெள்ளிக்கிழமை காலை, பெருமாள் கோவிலில் மார்கழி வழிபாடு முடிந்து திரும்பியதும் மருமகளே பேசினார். "அத்தை, பையன் இங்கேயே இருக்கட்டும்னு நெனைக்கிறோம்." மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. பிறகு பாட்டி கேட்டார்: "பணத்துக்கு என்ன பண்ணுவீங்க?" சொன்னார்கள். "மேல்தளம் இப்ப யாருக்கு வேணும்" என்றார் தாத்தா, பின்னாலிருந்து. பேரன் அங்கேயும் பள்ளியில் தமிழ் பாடம் படிக்கிறானா என்று பாட்டி உறுதிசெய்துகொண்டார். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் தமிழ்ப் பிள்ளைகள் அதைத் தாய்மொழிப் பாடமாகவே படிக்கிறார்கள். ஜூன் விடுமுறை என்று தொடங்குகிறது என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

2023 ஜனவரி 6 ஆருத்ரா தரிசனம். இங்கிருந்து ஒரு பாத்திரம் திருவாதிரைக் களி எதிர்வீட்டுக்குச் சென்றது. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 8இல், சீனா தனிமைப்படுத்தும் விதியை நீக்கியது. சீனப் புத்தாண்டுக்குள் வந்துசேரும்படி கணவருக்கு விமானச் சீட்டு கிடைத்துவிட்டதாக அந்தப் பெண்மணி வாசலில் நின்றபடியே சொன்னார்.

கும்பகோணத்தில் அந்தச் சைக்கிள் சில வாரங்கள் திண்ணையில் சாய்ந்து நின்றது. தைப் பூசத்தன்று பாட்டி அதைக் கோவில் மடப்பள்ளியில் வேலை செய்பவரின் மகனுக்குக் கொடுத்துவிட்டார்.