பரமத்தி ரோட்டுப் பட்டறை

எண்பதுகளில் நாமக்கல் பரமத்தி ரோட்டில் நடந்தால், தகரக் கொட்டகைகளிலிருந்து இரும்பை இரும்பு சுரண்டும் சத்தம் கேட்கும். உள்ளே எஞ்சின் ஹெட் இறக்கிய லாரி நிற்கிறதென்று அர்த்தம். டாடா 1210, இல்லாவிட்டால் லேலண்ட் காமெட். டாடாவின் பென்ஸ் கூட்டு 1969-லேயே முடிந்துவிட்டது. பழைய டிரைவர்களுக்கு மட்டும் டாடா கடைசிவரை 'பென்ஸ் வண்டி'தான்.

பள்ளி விடுமுறையில் மாமாவின் பட்டறையே கதியென்று கிடப்பேன். சுரண்டியைக் கடையில் வாங்கியதாக நினைவில்லை. தேய்ந்த ஹாக்ஸா பிளேடை ஒடித்து, முனையைச் சாணைக்கல்லில் தீட்டி, பிடிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றினால் தீர்ந்தது. பிஸ்டன் பள்ளத்தில் கரி எடுக்க உடைந்த பிஸ்டன் ரிங். அந்தப் பள்ளத்துக்கு அதைவிடக் கச்சிதமாகப் பொருந்துவது வேறென்ன? துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட், கழுவ டிரேயில் டீசல்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டுமுன் சிலிண்டர், தண்ணீர் வழி, ஆயில் வழி எல்லாவற்றிலும் துணி அடைப்பார் மாமா. "தூள் உள்ள போனா பேரிங்கு போயிரும் கண்ணு." பிளேடைப் படுக்கையாகப் பிடித்துத் தள்ளவேண்டும். நிமிர்த்தினால் கோடு விழும். கோடு வழியே தண்ணீர் கசியும். காஸ்ட் அயர்ன் பிளேடைத் தாங்கும். அலுமினிய மூடிக்கு மூங்கில் சிம்புதான். முடிந்ததும் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அடியில் பீலர் கேஜை விட்டுப் பார்ப்பார்.

வால்வு தேய்ப்பது பொடியன்கள் பங்கு. ரப்பர் முனைக் குச்சியை வால்வில் ஒட்டி, தேய்ப்பு பேஸ்ட் தடவி, தயிர் கடைவதுபோல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுவோம். அறுபடாத சாம்பல் வளையம் தெரியவேண்டும். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார். கசிந்தால் மறுபடி பேஸ்ட்!

எஞ்சின் கட்டிய வண்டி நேராகப் போவது கூரையில்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரிடம். எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் லோடு.

பின்னாளில் பேக்கிங் சுரண்ட, காற்றழுத்தத்தில் சுழலும் தேய்ப்பு வட்டு வந்தது. அரைநாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. மாமா தொடவில்லை; கிழவனுக்குப் பிடிவாதம் என்றார்கள். வட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு பொடி ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும் என்று ஜெனரல் மோட்டார்ஸே மெக்கானிக்குகளை எச்சரித்திருக்கிறது. கிழவர் சொன்னதும் அதுதானே.

உங்கள் வண்டியில் ஹெட்டை இறக்கினால் மெக்கானிக் கையில் என்ன இருக்கிறதென்று எட்டிப் பாருங்கள். வட்டு என்றால், சுரண்டியை எடுக்கச் சொல்லுங்கள். கூலி கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.