பலமா, பிடியா?

எம்.எம்.ஏ. என்று ஒரு சண்டை விளையாட்டு. குத்தலாம், உதைக்கலாம், தரையில் தள்ளிப் பிடி போடலாம். கம்பிவலைக் கூண்டுக்குள் நடக்கும். தொலைக்காட்சியில் வந்தால் நம் வயதுக்காரர்கள் சேனலை மாற்றிவிடுவோம். பிரான்ஸிலேயே 2020 வரை இந்தப் போட்டிகளுக்கு அனுமதி இல்லை. இப்போது பாரிஸில் பெரிய அரங்கில் நடக்கிறது. ரத்தத்தைப் பார்க்கப் பிடிக்காத நான், இதிலுள்ள ஒரு பழைய கேள்விக்காகவே சில சண்டைகளைத் தேடிப் பார்த்தேன். ஜெயிப்பது உடம்பின் பலமா, கற்ற வித்தையா?

வித்தைதான் என்று உலகத்தை நம்ப வைத்தவர் ஹோய்ஸ் கிரேசி என்ற பிரேசில்காரர். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி நடந்தது. எடைப் பிரிவே கிடையாது. கிரேசியின் எடை 80 கிலோ இருக்கும். பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருப்பார். சுமார் 100 கிலோ எடையுள்ள கென் ஷாம்ராக்கை ஒரு நிமிடத்துக்குள் மடக்கினார். அன்று இரவே இறுதிச் சண்டையில், பிரெஞ்சுக்காரர்களின் சவாத் உதைச் சண்டையில் பேர்பெற்ற ஹாலந்துக்காரர் ஜெரார்ட் கோர்டோவையும் கழுத்துப் பிடியில் வீழ்த்தினார்.

அடுத்த வருஷம் டிசம்பரில் டான் செவர்ன் என்ற மல்யுத்த வீரர் வந்தார். எடை 120 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கிரேசி கிட்டத்தட்ட பதினாறு நிமிடம் அவருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தார். கடைசியில் படுத்த நிலையிலேயே தன் கால்களை முக்கோணமாக மடித்து செவர்னின் கழுத்தை நெரித்தார். செவர்ன் கையால் தட்டினார். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இருக்கின்றன. இரண்டையும் சரியாக அழுத்தினால் எப்பேர்ப்பட்ட பயில்வானும் சில விநாடிகளில் மயங்கிவிடுவான். கைப்பிடியிலும் அதே கணக்குதான். எதிராளியின் ஒரே ஒரு முழங்கையைத் தன் கால், இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் சேர்த்து வளைக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால், அங்கேயும் பலம்தான் ஜெயிக்கிறது. சிறிய ஆள் தன் பலம் முழுவதையும் எதிராளியின் பலவீனமான ஓர் இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறான். அதைத்தான் வித்தை என்கிறோம்.

ஆனால் இந்தக் குடும்பத்தின் கதையிலேயே மறுபக்கமும் இருக்கிறது. ஹோய்ஸின் தகப்பனார் எலியோ கிரேசி 1951-இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுராவுடன் மோதினார். கிமுரா எடையும் கூடியவர், வித்தையிலும் மன்னன். எலியோவின் கையை முறுக்கினார். எலியோ தட்டவில்லை, அவருடைய அண்ணன்தான் போட்டியை நிறுத்தச் செய்தார். அந்தப் பிடிக்கு இன்றும் 'கிமுரா' என்றே பெயர்.

ஹோய்ஸுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2006 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் மாட் ஹியூஸுடன் மோதினார். இருவரும் ஏறக்குறைய ஒரே எடை. ஹியூஸ் ஏறக்குறைய ஏழு வயது இளையவர், மல்யுத்தத்தில் இறுகிய உடம்பு. கிரேசி குடும்பத்தின் பிடிகளும் அவருக்கு அத்துப்படி. முதல் சுற்றிலேயே கதை முடிந்துவிட்டது. 1993-இல் அதிசயமாக இருந்த வித்தையை, 13 வருஷத்தில் எல்லோரும் படித்துவிட்டார்கள்.

ஒருவனுக்கு மட்டும் பிடி தெரிந்தால் பிடி ஜெயிக்கும். இருவருக்கும் தெரிந்தால், பலமும் வயதும் முன்னுக்கு வரும். அதனால்தான் 1997 முதல் யு.எஃப்.சி.யில் எடைப் பிரிவுகள் வந்தன. பலம் முக்கியமில்லை என்றால், எடை பார்க்கும் நாளுக்கு முன் உடம்பிலுள்ள தண்ணீரை வற்றவைத்துக் குறைந்த எடைப் பிரிவில் நுழைய வீரர்கள் ஏன் அவ்வளவு பாடுபட வேண்டும்?

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் லா ஃபோந்தேனின் கதைப் பாடல்களை மனப்பாடம் செய்தோம். வலையில் சிக்கிய சிங்கத்தை எலி பொறுமையாகக் கடித்து விடுவிக்கும் கதையைச் சொன்னவர் அவர்தான். ஓநாயின் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் சரியான பதில் சொன்ன ஆட்டுக்குட்டியை ஓநாய் தின்றுவிடும் கதையைச் சொன்னவரும் அவரேதான். இரண்டும் உண்மை என்பதால்தான் இரண்டையும் எழுதினார்.

இந்த வயதில் எனக்கென்ன இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். பாரிஸ் பக்கம் இருக்கும் என் பேத்தி ஜியு-ஜிட்சு கற்கிறாள். வேலை முடிந்து இரவு ரயிலில் தனியாக வீடு திரும்புகிறவள். "ஆள் எவ்வளவு பெருசா இருந்தாலும் டெக்னிக் தெரிஞ்சா போதும் தாத்தா" என்று ஒரு நாள் சொன்னாள். அந்தப் 'போதும்' எனக்கு உறுத்தியது. வகுப்பில் என்ன நடக்கிறது என்று விசாரித்தேன். 90 கிலோ எடையுள்ள புது ஆளை அவள் மடக்கிவிடுகிறாளாம். அதே எடையில் இரண்டு வருஷம் பழகியவன் வந்தால்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன்கிட்ட ஜெயிக்கறதில்ல தாத்தா. அடியிலேர்ந்து நழுவி எழுந்துக்கத்தான் பாப்பேன்" என்றாள்.

அந்த நழுவி எழுவதுதான் அவளுக்கு வேண்டிய வித்தை என்று எனக்குப் பட்டது. தெருவில் நடுவர் கிடையாது, மெத்தை கிடையாது, ஒரே ஆள்தான் வருவான் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஜெயிக்க வேண்டியதில்லை. விடுபட்டு ஓட நேரம் கிடைத்தால் போதும்.

பேரப்பிள்ளைகளை இம்மாதிரி வகுப்பில் சேர்க்க நினைப்பவர்கள் தாராளமாகச் சேருங்கள். ஆனால் சேர்க்குமுன் வாத்தியாரிடம் ஒன்று கேளுங்கள்: தங்களைவிட எடை கூடிய, பிடியும் தெரிந்த ஆட்களோடு பிள்ளைகளைப் பழகவிடுகிறாரா? பழகவிடுகிறவர் பிள்ளைக்குத் தன் அளவைக் காட்டிக்கொடுப்பார். துணிச்சலோடு அதுவும் சேர்ந்து இருக்க வேண்டும்.