எங்கள் ஊரில் மந்திரம் தெரிந்தவர்கள்

கொழும்பில் படிக்கும் என் சாச்சாவின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு விளையாட்டைச் சொல்லித் தந்தான். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறித் தாயக்கட்டை உருட்ட வேண்டும். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதுதான் இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்ததாம். என்னை ஒரு கமக்காரரின் மகளாக வைத்தான்.

"அப்ப எனக்கு என்ன மந்திரம் தெரியும்?"

"உனக்கு ஒண்டும் தெரியாது. மந்திரம் எல்லாம் மந்திரவாதிமாருக்குத்தான். கமக்காரருக்கு இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கமக்காரர் வீடுகளில்தானே அது இருக்கிறது!

முல்லைத்தீவில் எங்கள் நீராவிப்பிட்டியில் உம்மும்மாவிடம் தண்ணீர் ஓதி வாங்க ஆள் வராத கிழமை இல்லை. பிள்ளை இரவில் வீறிட்டு அழுகிறது, மாடு பால் தர மறுக்கிறது, சோதனை என்றால் கை நடுங்குகிறது. உம்மும்மா போத்தலை வாயருகே பிடித்து, பாத்திஹா சூராவும் ஆயத்துல் குர்ஸியும் ஓதி, மூன்று தரம் ஊதிக் கொடுப்பார். தமிழ்ச் சனங்களும் வருவார்கள். எங்கள் ஆட்களோ விஷக்கடி என்றால் முள்ளியவளைப் பக்கத்து ஐயா ஒருவரிடம் பார்வை பார்க்கப் போவார்கள். சூடு மிதிக்கும் களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்பார்கள். காட்டுக்குள் இறங்குகிறவர்களில் சிலர் இன்றும் ஐயனாருக்கென்று பச்சைக் கொப்பொன்றை முறித்து வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். வைகாசிப் பொங்கலுக்கு முன்னர், முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்காகக் கடல்நீரில் விளக்கு எரிப்பதை அறியாதவர் வன்னியில் இல்லை. பொழுதுபட்டால் பாம்பின் பெயரைச் சொல்லக் கூடாது, 'பூச்சி' என்றுதான் சொல்ல வேண்டும். இவர்களில் யாரும் மலையைப் பெயர்க்கக் கேட்டதில்லை. பிள்ளை தூங்க வேண்டும், பொலி பெருக வேண்டும், போனவர் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

ஓதுவதையும் மந்திரத்தையும் ஒன்றாக எழுதினால் நானா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். அவர் மதரசாவில் ஓதுகிறவர். விஷ ஜந்து தீண்டிய ஒரு கூட்டத்தின் தலைவருக்கு நபித்தோழர் ஒருவர் பாத்திஹா ஓதியதையும், அதற்குக் கூலியாக ஆடுகள் கிடைத்ததையும் புஹாரியிலிருந்து எடுத்துக் காட்டுவார். ஓதலாம், ஆனால் கறுப்பு நூலும் இசிமும் கட்டினால் ஷிர்க் என்பார். உம்மும்மா நூல் கட்டுவதை விட்டு இரண்டு வருடமாகிறது. விட்டுவிட்டாரா, நானா இல்லாத நேரமாகப் பார்த்துக் கட்டுகிறாரா என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

போன மாசி மாதம், காலபோக அறுவடை நேரம். மஃரிபுக்குச் சற்றுப் பின் வாப்பாவை வயலில் பூச்சி தீண்டியது. மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுவந்தார்கள். "ஐயாட்டக் கொண்டு போங்க" என்று நாலு பேர் சொன்னார்கள். உம்மும்மா மட்டும் பேசவில்லை. அவருடைய தம்பி, 1990 ஒக்டோபரில் எங்கள் சனம் வெளியேற்றப்படுவதற்குச் சில வருடங்கள் முன்பு, இதே ஐயாவின் தகப்பனாருடைய முற்றத்தில் இறந்தவர். பாயில் படுத்திருந்தவரை விரியன் கடித்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. வேப்பங்குழை அடித்துப் பார்வை பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். கண்மடல் சரிந்தபோது தூக்கம் என்று நினைத்தார்களாம். சுபஹுக்கு முன் மூச்சு நின்றுவிட்டது.

ஐயாவின் வீடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான். ஓட்டோவை நிறுத்தினோம். அவர் டோர்ச் அடித்துக் காலைப் பார்த்தார். இரண்டு புள்ளிகளிலிருந்தும் இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.

"புடையன் போல கிடக்கு. வெட்டாதேங்கோ, உறிஞ்சாதேங்கோ. தம்பி, நீங்க காலை அசைக்கப்படாது. இறங்க வேண்டாம், இப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

"ஐயா, ஒருக்காப் பார்வை பாத்து..." என்றார் உம்மா.

"நீங்க போங்கோ பிள்ளை. நான் இஞ்ச இருந்து சொல்லுறன்."

ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது.

ஆஸ்பத்திரியில் வாப்பாவின் கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் அசையாமல் வைத்தார்கள். இருபது நிமிடம் யாரும் அதைத் தொடக் கூடாதாம். கண்ணாடி விரியனின் விஷம் இரத்தம் உறைவதற்கு வேண்டிய காரணிகளைத் தின்று தீர்த்துவிடும். குழாயைச் சரிக்கும்போது இரத்தம் கட்டியாக நிற்கிறதா, ஓடுகிறதா என்பதுதான் பரிசோதனை. உயர்தர உயிரியல் புத்தகத்தில் குருதி உறைதலை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த இருபது நிமிடத்தில் ஒரு வரி ஞாபகம் வரவில்லை. பாத்திஹாதான் வாயில் வந்தது. எத்தனை தரம் ஓதினேனோ தெரியாது.

தாதி குழாயைச் சரித்தார். இரத்தம் தண்ணீர் போல ஓடியது.

மருந்து ஏற்றினார்கள். இந்தியாவில் நாலு வகைப் பாம்புகளின் விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து அது. ஒவ்வாமை வரலாம் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். அடுத்த நாள் விடியற்காலை எடுத்த இரத்தம் குழாயைக் கவிழ்த்தும் விழவில்லை. குதிரைக் கதையைச் சொன்னபோது உம்மும்மா நெடுநேரம் யோசித்தார். "இது நான் ஓதுறதை விடப் பெரிய வேலையா இரிக்கே" என்றார்.

வாப்பா நடக்கத் தொடங்கியதும் ஐயாவைப் பார்க்கப் போனோம். பார்வை பார்த்ததற்குக் காசு வாங்கினால் வாக்குப் பலிக்காது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. உம்மா வட்டிலாப்பம் செய்து கொண்டுபோனார். அது கணக்கில் வராது போலும், வாங்கிக்கொண்டார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஐயா, அண்டைக்கு நாங்க போன பிறகு உண்மையா மந்திரம் சொன்னீங்களா?"

"சொன்னன் பிள்ளை. விஷத்துக்கில்ல. ஓட்டோ வழியில நிக்கப்படாது எண்டு."

உம்மும்மா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. புறப்படும்போது முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து ஐயாவிடம் நீட்டினார். "உங்கட பேரப்பிள்ளைக்கு இரவில அழுகையாம், கேள்விப்பட்டன். ஓதினது. ஆனா காய்ச்சல் இரிந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

ஐயா இரண்டு கையாலும் வாங்கினார்.