பால் வீடுகளின் நாட்டிலே

ஒரு நாட்டின் மேடுபள்ளங்களைத் துவிச்சக்கர வண்டியிற் செல்வோனுக்கு அவனுடைய முழங்கால்களே கற்பிக்கின்றன. மோட்டார் வண்டியில் அமர்ந்து கண்ணாடி வழியே பார்ப்போனுக்கு அப்பாடம் கிட்டுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஐம்பது ஆண்டுகள் சைக்கிள் உழக்கிய நாம், இவ்வுண்மையை அறுபத்தாறாவது வயதிலே, பிரான்சு தேசத்து மோர்வான் குன்றுகளிடையேதான் அறிந்துகொண்டோம்.

சென்ற கோடையிலே பாரிசில் எமது தங்கையின் இல்லத்தில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். தங்கையின் மகன், விடுமுறை நாள்களில் சைக்கிளில் நெடுந்தூரம் செல்லும் வழக்கமுடையவன். மூன்று வயது முதற் பத்து வயது வரை அவன் எமது வீட்டிலே வளர்ந்த பிள்ளை. அவனுக்குச் சைக்கிள் பழக்கியதும் நாமே. "மாமா, அண்டைக்கு நீங்கள் பின்னாலை பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தனீங்கள். இந்தமுறை நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றான். மறுக்க மனம் வரவில்லை.

மோர்வான் என்பது பாரிசுக்குத் தென்கிழக்கே, பர்கண்டிப் பிரதேசத்தின் நடுவே எழுந்து நிற்கும் கருங்கற் குன்றுநாடு. அதன் மிகவுயர்ந்த சிகரமாகிய ஓ-ஃபோலேன் 901 மீற்றர் உயரமேயுடையது. எமது பீதுருதாலகால மலையின் பாதிக்கும் குறைவு. ஆனால் உயரத்தைக் கண்டு ஏமாறுதல் கூடாது. ஒரு மேடு முடிந்து மூச்சு வாங்குமுன் பள்ளம். பள்ளத்தின் இன்பத்தைச் சுவைக்குமுன் மறுபடியும் மேடு. இருமருங்கும் வேலியடைத்த புற்றரைகள், அவற்றிலே வெண்ணிறப் பசுக்கள், அப்பால் இருண்ட காடுகள். 1970ஆம் ஆண்டு இப்பிரதேசம் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கே ஆறு பெரிய ஏரிகள் உள. அவற்றுள் ஒன்றேனும் இயற்கையின் ஆக்கமன்று. யாவும் மனிதர் அணைகட்டித் தேக்கியவையே. இதனை முதல்நாட் காலையில் எவரேனும் கூறியிருந்தால் நாம் சற்று ஏமாற்றமடைந்திருப்போம். மூன்றாம் நாள் மாலையிலோ, இந்நாட்டைப் புரிந்துகொள்வதற்கு அதுவே திறவுகோல் என்று கண்டோம்.

சைக்கிள்களையும் உடன் ஏற்றிக்கொண்டு பாரிசிலே புகையிரதமேறி, இடையில் வண்டி மாறி, கிளாம்சி நகர் வழியாகக் கோர்பினியை அடைந்தோம். யோன் நதிக்கரையிலுள்ள கிளாம்சி ஒருகாலத்தில் விறகுத் தெப்பங்களின் தலைநகராய் விளங்கியது. பதினாறாம் நூற்றாண்டு முதலாகப் பாரிசு மாநகரின் அடுப்புகள் மோர்வான் காட்டு விறகினாலேயே எரிந்தன. வெட்டிய கட்டைகளின் முனையில் உரிமையாளரின் அடையாளத்தைச் சுத்தியலாற் பொறித்து, அவற்றை ஓடைகளில் எறிந்துவிடுவர். ஓடைகள் அவற்றை நதியிற் சேர்க்கும். கிளாம்சியிலே கட்டைகளைக் கரையேற்றி, அடையாளம் பார்த்துப் பிரித்து, பெருந் தெப்பங்களாகப் பிணைத்துப் பாரிசு வரை மிதத்திச் செல்வர். குளிர்ந்த நீரில் இடுப்பளவு நின்று உழைத்தவர் இவ்வூரவர். குளிர்காய்ந்தவர் பாரிசு வாசிகள்.

கோர்பினியிலிருந்து சற்றுத் தூரம் சென்றால், நிவெர்னே கால்வாய்க்கு நீரூட்டும் பொருட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்காலொன்றைச் சந்திக்கலாம். குன்றுகளின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து செல்லும் அவ்வாய்க்காலின் கரையிலே பாதை உண்டு. நீர் மெல்ல வழிந்தோடுமளவே சாய்வுடையதாதலால் அப்பாதையில் உழக்குவது எமக்கு ஊர்த்தெருவில் உழக்குவது போலிருந்தது. மோன்ட்ரூயோன் என்னுமிடத்தில் வாய்க்கால் உயர்ந்த கல் வளைவுகளின்மீது பள்ளத்தாக்கைக் கடக்கிறது. முதியவரும் சிறுவரும் மோர்வானைத் தொடங்குவதற்கு இதனிலும் நல்ல வழி இல்லை எனலாம்.

வாய்க்காலின் தலைப்பிலே பன்சியேர் ஏரி. மோர்வான் ஏரிகளுள் இதுவே பெரியது. 520 ஹெக்டேயர் பரப்புடையது. 1910ஆம் ஆண்டு சேன் நதி பெருகிப் பாரிசை மூழ்கடித்தது. 1924இலும் வெள்ளம் வந்தது. மாநகரைக் காக்க வேண்டுமாயின், சேன் நதியிற் கலக்கும் யோனை மலையிலேயே மறித்தல் வேண்டுமெனத் தீர்மானித்தனர். 1937இல் தொடங்கிய அணைவேலை போரினாலே தடைப்பட்டு 1949இல் நிறைவெய்தியது. மாரியில் வெள்ளத்தைத் தேக்கி, கோடையில் சேன் வற்றாதிருக்க நீரைத் திறந்துவிடுகின்றனர். இதற்காகச் சில குக்கிராமங்கள் நீரினுள் அமிழ்ந்தன. அன்றிரவு ஷோமார் என்னும் கரையோரச் சிற்றூரில் தங்கினோம். சாளரத்தினூடே நிலவொளியில் ஏரியைப் பார்த்தபொழுது, அதன் அடியிலே யாரோ வாழ்ந்த முற்றங்கள் கிடக்கின்றன என்ற எண்ணம் நெடுநேரம் உறக்கம் வரவிடவில்லை.

இரண்டாம் நாளே எமக்குச் சோதனை நாள். பன்சியேரின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 320 மீற்றர் உயரத்திலுள்ளது. நாம் செல்லவேண்டிய செத்தோன் ஏரியோ 570 மீற்றருக்கு மேலே. கணக்கிலே 250 மீற்றர்தான். ஆனால் இடையிலுள்ள பள்ளங்கள் ஏறியதையெல்லாம் திருப்பி வாங்கிவிடுகின்றன. மருமகன் முன்னே சென்று, வளைவுதோறும் காத்து நின்றான். "மாமா, சின்னக் கியருக்கு மாத்துங்கோ. வெக்கப்படாமல் இறங்கித் தள்ளிக்கொண்டும் வரலாம்" என்று சொல்வான். இரண்டிடங்களிலே தள்ளினோம். தள்ளும்பொழுதுதான் பாதையோரத்துப் பன்னச் செடிகளையும், மதில்களின் கருங்கற்களையும், சில வீடுகள் அயல்வீடுகளைவிடப் பெரியனவாயும் ஒழுங்கானவையாயும் இருப்பதையும் கவனித்தோம். அவற்றின் கதை மறுநாள்தான் விளங்கிற்று.

செத்தோன் ஏரி கியூர் நதியை மறித்து 1854 முதல் 1858 வரை கட்டிய அணையினால் உண்டானது. விறகு மிதப்பதற்கு வேண்டிய நீரைத் தேக்கி வைத்து, வேண்டும்பொழுது திறந்துவிடுவதே அதன் முதல் நோக்கம். பின்னர் புகையிரதமும் நிலக்கரியும் வந்தன. தெப்பத்தொழில் மெல்ல மறைந்தது. இன்று அங்கே பாய்மரப் படகுகள் ஓடுகின்றன. ஏரியைச் சுற்றிவரப் பதினைந்து கிலோமீற்றர் அளவு. பைன் மரநிழலில் அச்சுற்றைச் சுற்றியபொழுது முழங்கால்வலி மறந்துபோயிற்று.

மூன்றாம் நாள் மூக்ஸ் வழியாக அலினி என்னும் ஊருக்குச் சென்றோம். அங்கே 2016ஆம் ஆண்டு திறந்த ஓர் அரும்பொருட்சாலை உண்டு. அரசருக்கோ படைத்தலைவருக்கோ அமைத்ததன்று. செவிலித்தாயருக்கும், அரசாங்கம் பொறுப்பேற்ற அனாதைப் பிள்ளைகளுக்கும் அமைத்தது. விறகும் நீரும் மட்டுமன்றி, மோர்வான் தன் தாய்ப்பாலையும் பாரிசுக்குக் கொடுத்தது என்பதை அங்கேதான் அறிந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிள்ளை பெற்ற இளந்தாயர் தம் சிசுவைப் பாட்டியிடம் விட்டு, பாரிசுச் செல்வர் வீடுகளுக்குச் சென்று அவர்தம் குழந்தைகளுக்குப் பாலூட்டினர். வேறு சிலர் பாரிசுக் குழந்தைகளைத் தம் வீட்டிற் கொணர்ந்து வளர்த்தனர். கைவிடப்பட்ட பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் இங்கே அனுப்பப்பட்டனர். பிற்காலத்திற் புகழ்பெற்ற எழுத்தாளர் ழான் ஜெனே அவ்வாறு இவ்வூரில் வளர்ந்தவரே. பால் விற்ற பணத்தினாற் கட்டிய வீடுகளுக்குப் 'பால் வீடுகள்' என்று பெயராம். நாம் வழியிற் கண்ட ஒழுங்கான வீடுகளின் கதை அதுவே.

தாய்ப்பால் இழந்த சிசுக்கள் பல மாண்டன. 1874ஆம் ஆண்டு, வைத்தியரும் சட்டமன்ற உறுப்பினருமான தெயோஃபில் ரூசெல் கொணர்ந்த சட்டம், செவிலியாகச் செல்லும் தாயின் பிள்ளைக்கு ஏழு மாதமேனும் நிறைந்திருத்தல் வேண்டும், இன்றேல் வேறொருத்தி அதற்குப் பாலூட்டல் வேண்டும் என விதித்தது. இதை வாசித்தபொழுது எமது இலங்கையின் நினைவு வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்லலாகாதென 2013இல் எமது நாட்டிலும் விதி செய்தனர். பொருளாதாரம் சரிந்த 2022இல் அவ்வயதை இரண்டாகக் குறைத்தனர். அந்நிய தேசத்தில் தாயர் உழைத்த பணத்தினால் எழுந்த கல்வீடுகள் எமது ஊர்களிலும் உண்டு. அவற்றுக்கு நாம் இன்னும் பெயரிடவில்லை.

வெளியே வந்து மதிலோரத்தில் அமர்ந்து பாணும் பாற்கட்டியும் உண்டோம். மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் நிலத்தைப் பார்த்தபடியே, "மாமா, அம்மா போகேக்கை நான் அழுதனானே?" என்று கேட்டான்.

1988ஆம் ஆண்டு எமது தங்கை, முன்னரே பாரிசு சேர்ந்துவிட்ட கணவனிடம் புறப்பட்டாள். அப்பொழுது அவனுக்கு மூன்று வயது. ஏழாண்டுகள் பிறர் வீடுகளைத் துடைத்து, பத்திரங்கள் சரியான பின்னரே அவனை அழைத்தாள். இத்தனை ஆண்டுகளில் இக்கேள்வியை அவன் எம்மிடம் கேட்டதேயில்லை.

"இல்லையடா. நீ நித்திரை. எழுப்பவேண்டாமெண்டு கொம்மாதான் சொன்னவள். படலை வரைக்கும் போய், இரண்டு தரம் திரும்பி வந்து உன்னைப் பார்த்தவள்" என்றோம்.

அவன் தலையசைத்தான். பின்பு எழுந்து, எமது சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்றுப் போதுமாவென அமுக்கிப் பார்த்தான்.

மறுநாள் திரும்பும் வழியில் இறக்கங்களே மிகுதி. ஏறும்பொழுது எம்மை வருத்திய மேடுகள் இப்பொழுது எம்மைச் சுமந்து சென்றன. அன்பர்களே, பிரான்சுக்குச் செல்வோர் பாரிசின் கோபுரத்தையும் மாளிகைகளையும் பார்ப்பது முறையே. இயலுமாயின் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு மோர்வானுக்கும் ஒருமுறை செல்லுங்கள். பெருநகரங்கள் எவருடைய தோளில் நிற்கின்றன என்பதை அங்கே காணலாம்.

பாரிசு திரும்பிய இரவு, தங்கை எமக்குப் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். மருமகன் தன் வீட்டுக்குச் செல்லாமல் சமையலறைக் கதிரையிலே தாயோடு அமர்ந்திருந்தான். நாம் அயர்வு என்று கூறி நேரத்தோடே படுக்கைக்குச் சென்றோம். அங்கே விளக்கு வெகுநேரம் எரிந்துகொண்டிருந்தது.